கொத்து அரிசியும் வற் வரியும்: புதிய உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் பத்தாவது நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாகத் தெரிவாகியிருக்கும் உறுப்பினர்களுக்கு,



2024 நவம்பர் 14 தேர்தல் தியவன்னா ஓயாக் கரைக்கு அனுப்பிவைத்த 225 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த அவைக்குப் புதியவர்கள். 2022-இன் எரிவாயு வரிசையும் மண்ணெண்ணெய் வரிசையும் உங்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய கதைகள் அல்ல. உங்களில் பலர் அந்த வரிசைகளில் நின்றவர்கள், சிலர் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டவர்கள். ஆகவே இந்த மடல் அங்கிருந்து தொடங்கவில்லை. எழுபது ஆண்டுகள் பின்னால் போய், 25 சதம் விற்ற ஒரு கொத்து அரிசியிலிருந்து தொடங்குகிறது. வரிச் சட்டத் திருத்தங்களுக்கும் நலன்புரி ஒதுக்கீடுகளுக்கும் வாக்களிக்கும் இடத்தில் இப்போது இருப்பது நீங்கள். ஒரு தலைவரின் பெயர் அவருக்குப் பிறகு எப்படிச் சொல்லப்படும் என்பதை இந்த இரண்டும் இலங்கையில் பலமுறை தீர்மானித்திருக்கின்றன.

1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்த டி.எஸ். சேனநாயக்க காலமானார். பிரதமர் பதவி மகன் டட்லியிடம் வந்தது. மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி பெற்றது. அந்தத் தேர்தலில் கட்சி கொடுத்த வாக்குறுதிகளில் சனங்கள் மறக்காமல் வைத்திருந்தது கூப்பன் அரிசி கொத்து 25 சதம் என்பதைத்தான். போர்க்காலத்தில் 1942-இல் தொடங்கிய பங்கீட்டு முறை அது. யுத்தம் முடிந்தும் நிற்கவில்லை. அரிசியை வெளிநாட்டில் கூடிய விலைக்கு வாங்கி உள்ளூரில் குறைந்த விலைக்குக் கொடுத்த அரசு, இடைவெளியைத் தன் கையிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தது.

கொரிய யுத்தக் காலத்தில் இறப்பர் விலை உச்சத்தில் இருந்தவரை இது கனக்கவில்லை. பிறகு இறப்பர் இறங்கியது, அரிசி ஏறியது, அந்நியச் செலாவணி கரைந்தது. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் மூச்சுவிட இடம் தந்ததே தவிர, திறைசேரியின் கணக்கைச் சரிக்கட்டவில்லை. உணவு மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கிக் குழுவும் சொல்லியிருந்தது. 1953 ஜூலையில் நிதியமைச்சர் மானியத்தை வெட்டினார். 25 சதக் கொத்து ஒரே நாளில் 70 சதம் ஆனது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதியம் கொடுத்துவந்த பணிஸ் நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

அந்த நிதியமைச்சரின் பெயர் ஜே.ஆர். ஜயவர்தன. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 12-ஆம் திகதி ஹர்த்தால். லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, பிலிப் குணவர்தனவின் அணி ஆகியவை அழைப்பு விடுத்தன; தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. கடைகள் மூடின, தொழிற்சாலைகள் நின்றன. மேல், தென் மாகாணக் கரையோரத்தில் வீதிகளில் மரங்கள் சாய்க்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. அமைச்சரவை தரையில் கூடத் துணியாமல், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்புகள். அந்த மரணங்கள் டட்லியை உலுக்கின. உடல்நலமும் இடம் கொடுக்கவில்லை. அக்டோபரில் பதவி விலகினார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல அரிசி விலையை ஓரளவு இறக்கிப் பார்த்தார். பயனில்லை. மொழிப் பிரச்சினையே அலையடித்த 1956 தேர்தலில் ஐ.தே.க.வுக்கு மிஞ்சியவை எட்டு ஆசனங்கள்.

திட்டம் போட்டவர் ஒருவர், பழி சுமந்தவர் இன்னொருவர். ஆனாலும் 1953-இன் கதை இரண்டு பெயர்களோடு முடியவில்லை. அதன் மிகப்பெரிய எச்சம் அடுத்த கால் நூற்றாண்டில் ஆண்ட எல்லோர் மனதிலும் அது விட்டுப்போன அச்சம். 1962-இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டு அரிசியைக் குறைக்க முன்மொழிந்தபோது எதிர்க்கட்சி எழும்புவதற்கு முன்பே சொந்தக் கட்சிக்காரர்கள் எழும்பிவிட்டார்கள். யோசனை கைவிடப்பட்டது, அவர் நிதியமைச்சுப் பதவியை விட்டார். பிரதமர் அவருடைய நெருங்கிய உறவினர். அதுவும் காப்பாற்றவில்லை.

டட்லி 1965-இல் மீண்டும் வந்தார். 1953-இல் சுட்டுக்கொண்ட கை என்பதால் இந்த முறை நிதானம் இருந்தது. 1966 டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு கொத்து என்றிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாக்கினார். அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். நெல் உற்பத்தியைக் கூட்டும் இயக்கத்தை நாடு முழுக்க நடத்தினார். கணக்கறிந்தவர்கள் பாராட்டக்கூடிய ஏற்பாடு. ஆனால் வாக்காளர் எண்ணியது கிடைத்த கொத்தை அல்ல, போன கொத்தை. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்று சிறிமாவோ பண்டாரநாயக்க தரப்பு மேடைகளில் முழங்கியது என்ற கதை இன்றும் ஊர்களில் உலாவுகிறது. 1970-இல் ஐ.தே.க. 17 ஆசனங்களுக்குச் சுருங்கியது. இன்னொரு பக்கமும் உண்டு: 1973 ஏப்ரலில் டட்லி இறந்தபோது கொழும்பில் கூடிய சனத்திரள் நாடு அதுவரை பார்த்திராத ஒன்று. வாக்கைக் கொடுக்காத சனங்களே கண்ணீரோடு வந்தார்கள். மரணங்களுக்காகப் பதவியை விட்டவர் என்ற நினைவும் சேர்ந்தே அந்த வரிசையில் நின்றிருக்கவேண்டும்.

இரண்டாவது கொத்தைத் தந்த சிறிமாவோவும் தப்பவில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் உலகளாவிய உணவு நெருக்கடியும் சேர்ந்து வர, பங்கீடு மீண்டும் சுருங்கியது; பாணுக்கு விடியமுன்னரே வரிசை. மலையகத் தோட்டங்களில் 1974-ஐ ஒட்டிய காலத்தில் பட்டினி உயிர்களைக் குடித்தது. குடியுரிமை பறிக்கப்பட்டு வாக்குரிமையும் இல்லாதிருந்த பெருந்தொகையினரின் பசிக்குத் தேர்தலில் விலை கிடையாது. அவர்களுக்காக யாரும் போர்க்கப்பலில் ஏறவேண்டி வரவில்லை. 1977-இல் சிறிமாவோவின் கட்சிக்குக் கிடைத்தவையும் எட்டே ஆசனங்கள்.

இப்போது அந்தப் பெயருக்குத் திரும்புவோம்.

168-இல் 140 ஆசனங்களோடு 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர்., 1953-இல் தான் செய்யப்போய் முறிந்துபோனதை முழுதாகச் செய்து முடித்தார். செய்த விதத்தைக் கவனியுங்கள். ஒரே நாளில் விலையை மூன்று மடங்காக்கவில்லை. 1978-இல் முதலில் மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று வட்டத்தைச் சுருக்கினார். ஏறக்குறைய பாதி நாடு வெளியே போனது. அந்தப் பாதிக்கு மறுபாதியின் அரிசிக்காக வீதிக்கு இறங்கக் காரணம் இல்லாமல் போனது. 1979 செப்டெம்பரில் கூப்பனுக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் மதிப்பு ரூபாயில் எழுதப்பட்டது. கொத்துக் கணக்கில் கிடைத்த அரிசி, விலை எவ்வளவு ஏறினாலும் கொத்து அரிசிதான். ரூபாயில் எழுதிய முத்திரை அப்படியல்ல. திறந்த பொருளாதாரத்தின் முதல் ஆண்டுகளில் விலைவாசி பாய, 1982 அளவில் முத்திரை தன் வாங்கும் சக்தியில் பாதியை இழந்திருந்தது. எந்த நிதியமைச்சரும் எழுந்து நின்று வெட்டை அறிவிக்கவில்லை. விலைவாசியே வெட்டியது.

வீதிக்கு வர முயன்றவர்களுக்கும் ஏற்பாடு இருந்தது. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். ஹர்த்தாலைக் கண்டு கப்பலில் ஏறிய அமைச்சரவையில் இருந்த ஒருவர், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து எழுதிய பதில் அது.

இன்று ஜே.ஆர். என்றால் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை, திறந்த பொருளாதாரம், 1983 ஜூலை. உணவு மானியத்தை ஒழித்தவர் என்று அவரை யாரும் முதலில் சொல்வதில்லை. அந்த நினைவு டட்லியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பளிச்சென்று தெரியும் வெட்டு ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மெல்ல நடந்த, ஆழமான வெட்டைச் செய்தவர் பதினோரு ஆண்டுகள் ஆண்டு ஓய்வுபெற்றார். இதை ஜே.ஆரின் சாமர்த்தியம் என்று மெச்சுபவர்கள் உண்டு. முத்திரையை வைத்து அடுப்பெரித்த குடும்பங்களின் பக்கம் நின்று பார்த்தால் அந்த மெச்சல் கசக்கும்.

எல்லா இடத்திலும் மறதி ஒரேமாதிரி வேலை செய்யவில்லை. சிறிமாவோ காலத்து இறக்குமதித் தடையில் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கையில் நாலு காசு பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரர்கள். 1977-க்குப் பின் கதவு திறந்ததும் வெளிநாட்டுச் சரக்கு அவர்களை அடித்துப்போட்டது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் குமார் பொன்னம்பலம். ஆனால் இரண்டாம் இடம் ஜே.ஆருக்குக் கிடைக்கவில்லை. சிறிமாவோ ஆட்சியில் விவசாய அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவவுக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த அதே ஆட்சியின் அமைச்சருக்கு யாழ்ப்பாணம் வாக்களித்தது! வயலில் பட்ட அடி அவ்வளவு.

பிரேமதாசவின் ஜனசவிய, சந்திரிகா காலத்துச் சமுர்த்தி ஆகிய நலன்புரித் திட்டங்கள் தனியாக எழுதவேண்டிய விஷயங்கள். கொடுத்தவர் என்ற பெயர் பிரேமதாசவுக்கு இன்றுவரை நிற்கிறது என்பதை மட்டும் சொல்லி, 2019-க்கு வருவோம்.

கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் 69 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். பத்து நாள் கழிந்ததும் வரிக்குறைப்பு அறிவிப்பு வந்தது. வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வற்றுக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடியே 20 லட்சம் ரூபாயிலிருந்து 30 கோடிக்குத் தாவியது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் ஒழிந்தது. மாதம் இரண்டரை லட்சம் ரூபாய் வரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை. இந்த யோசனைகள் தேர்தல் மேடையில் இருந்தபோதே, நாடு வங்குரோத்தாகும் என்று அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்திருந்தார். தோற்கப்போகும் கட்சியின் புலம்பலாகவே அது கேட்டது. தன் சொல் பலித்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் கொரோனாவில் காலமானார்.

உங்களுக்கு, அதாவது சட்டமியற்றும் அவைக்கு, இதில் தனியாக ஒரு செய்தி இருக்கிறது. வருமான வரிச் சலுகைகள் 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கான உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம் நிறைவேறியது 2021 மே மாதத்தில். ஓராண்டுக்கு மேலாகச் சட்டம் இல்லாமலே அறிவித்தல்களின் பேரில் வரி குறைந்தது. பிறகு நாடாளுமன்றம் பின்தேதியிட்டுக் கைதூக்கியது. பொதுநிதி மீதான முழுக்கட்டுப்பாடு நாடாளுமன்றத்துக்கு என்று அரசியலமைப்பு சொல்கிறது. அன்று அந்த ஆசனங்களில் இருந்தவர்கள் அதை நினைவூட்டிக் கூச்சலிட்டதாக நாடு கேட்கவில்லை. வரியைக் கூட்டினால்தான் கேள்வி கேட்கவேண்டும், குறைத்தால் கை தட்டவேண்டும் என்பது அந்த அவையின் பழைய பழக்கம்.

2019-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 சதவீதமாக இருந்த வரி வருமானம் மறு ஆண்டு 8.1 ஆகவும் 2021-இல் 7.7 ஆகவும் விழுந்தது. கொரோனாவும் உல்லாசப் பயணத்துறையின் சரிவும் இதில் பங்குகொண்டன. எல்லாப் பழியையும் வரிக்குறைப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் பதிவுசெய்த வரி செலுத்துநரில் மூன்றிலொரு பங்கினர் பட்டியலிலிருந்தே மறைந்ததற்கு வைரஸ் காரணம் அல்ல. கடன் தரக்கணிப்பு இறங்கியது, வெளிச்சந்தையில் கடன் கிடைக்கவில்லை, மத்திய வங்கி பணம் அச்சிட்டது. இலவச உரம் தருவதாக வாக்குக் கேட்டவர் 2021-இல் இரசாயன உர இறக்குமதியையே தடைசெய்ததும் இதே காலத்தில்தான். 2022 ஏப்ரல் 12-இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9.

அந்த 94.9-ஐ நலன்புரி வெட்டு என்று எந்தப் பாதீடும் எழுதவில்லை. சமுர்த்திக் கொடுப்பனவு பெற்ற குடும்பத்துக்கு அது வேறு என்ன? மேல்தட்டுக்குக் கொடுத்த வரிச்சலுகைக்கான பணம் அடித்தட்டுச் சமையலறையிலிருந்து விலைவாசி வழியாக வந்து சேர்ந்தது. வரியைக் குறைப்பதும் நலனைக் குறைப்பதும் இரண்டு வேறு முடிவுகள் என்று திறைசேரிக் கோப்புகள் காட்டும். 2019-க்கும் 2022-க்கும் இடையில் அவை ஒரே முடிவின் இரண்டு முனைகளாக இருந்தன. உலக வங்கி மதிப்பீட்டில் 2022-இல் நாட்டின் நான்கிலொருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

ஜூலை 9-இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. 13-ஆம் திகதி விடியுமுன் கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். பதவி விலகல் கடிதம் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. யுத்தத்தை முடித்த பாதுகாப்புச் செயலாளர் என்பதற்காகத் தெற்கு கொடுத்த பெயர் இரண்டரை ஆண்டில் தீர்ந்தது. 2009-இன் கணக்கு வடக்கில் வேறு. அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பொருளாதாரக் கணக்குக்கு மட்டும் ஒரு நீதிமன்றப் பதில் உண்டு. 2023 நவம்பரில் இலங்கையின் அதியுயர் நீதிமன்றம், கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில் ஆகியோரும் மத்திய வங்கி, திறைசேரி உயரதிகாரிகள் சிலரும் பொது நம்பிக்கையை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. வரிக்குறைப்பும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. வாக்காளர் விரும்பிய, கைதட்டி வாங்கிய ஒரு சலுகைக்காக ஓர் ஆட்சியாளர் நீதிமன்றத்தில் பொறுப்பாக்கப்பட்டது பல நாடுகளிலும் காணக்கிடைக்காத நிகழ்வு.

அடுத்து வந்த ரணில் விக்கிரமசிங்க, ஜே.ஆரின் மருமகன் முறையானவர், எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். வற் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. மின்கட்டணம் இருமுறை பெரிதாக ஏறியது. சம்பள வரி மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைப்பவர் எல்லோரிடமும் வந்தது. வரிசைகள் மறைந்தன, பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. வாக்காளர் கொடுத்தது 17 சதவீதம், மூன்றாம் இடம். இதை நன்றிகெட்டத்தனம் என்று கொழும்பின் சில வட்டாரங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அது சரியான வாசிப்பாகத் தெரியவில்லை. நாட்டைக் கவிழ்த்த கட்சியின் வாக்குகளால் ஜனாதிபதியானவர், கவிழ்ந்ததற்கான செலவைக் கவிழ்க்காதவர்களிடம் வசூலித்தார். வற் 18 சதவீதம் கோடீஸ்வரருக்கும் ஒன்று, கொழுந்து பறிப்பவருக்கும் ஒன்று. அவர் விட்டுப்போன சட்டங்கள் அவருடைய வாக்குவீதத்தைவிட நீண்டகாலம் வாழக்கூடும்: அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுக்கும் 2023-இன் மத்திய வங்கிச் சட்டம், செலவுக்கு வரம்பு கட்டும் 2024-இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம்.

உங்கள் ஆட்சியும் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைகள் என்ற வேலியைத் தாண்டவில்லை. 2025 ஏப்ரலில் சம்பள வரி எல்லை மாதம் ஒன்றரை லட்சமாக உயர்ந்தது. இரண்டரை லட்சத்துக்குத் திரும்பிப்போக யாரும் துணியவில்லை. 1953 அரிசியைத் தொட ஒரு தலைமுறையைப் பயமுறுத்தியது போல, 2019 வரியைக் குறைக்க இன்னொரு தலைமுறையைப் பயமுறுத்திவிட்டது. அந்தப் பயம் ஓரளவுக்கு நல்லது. ஆனால் பயந்தவர்கள் சத்தம் இல்லாத வழியைத் தேடுவார்கள் என்பதற்கு 1979 சாட்சி.

எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும் புதியவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த தேர்தலில் வற்றைப் பாதியாக்குவோம் என்று மேடையில் சொல்ல நாக்கு துடிக்கும்போது, எந்தச் செலவைக் குறைத்து அல்லது எந்த வரியைக் கூட்டி என்பதையும் அதே மேடையில் சொல்லிவிடுங்கள்.

உடனடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2023 முதல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்திருக்கும் அஸ்வெசும, குடும்பங்களைத் தரம்பிரித்து ரூபாய்க் கணக்கில் பணம் கொடுக்கிறது. வறியவர் என்று குறிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்று 2025 ஜனவரியில் தொகை உயர்ந்தது. நல்லது. அது அரசாங்கம் மனம்வைத்து உயர்த்திய தொகை. விலைச்சுட்டி ஏறினால் தொகையும் தானாக ஏற வேண்டும் என்ற விதியைச் சட்டத்தில் எழுத முடியுமா, எழுதினால் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று அரசாங்க நிதி பற்றிய குழுவில் எழுத்துமூலம் கேளுங்கள். வரும் பதிலை அவையில் வாசித்து ஹன்சாட்டில் ஏற்றுங்கள். எந்த வரிச்சலுகைத் திருத்தம் மேசைக்கு வந்தாலும், அதனால் திறைசேரி இழக்கும் தொகையையும் அந்த இழப்பை ஈடுசெய்யும் வழியையும் காட்டும் அறிக்கை பக்கத்தில் இல்லாவிட்டால், விவாதத்தைத் தள்ளிவைக்கக் கோருங்கள்.